பத்து ஆள் எடைத் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் மூன்றாவது மெய்ப்பை இன்று அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். நாற்பது பக்கம் பாக்கி. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஹாலில் தரையில் உட்கார்ந்து, சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன். நூற்றெழுபது சென்டிமீட்டர். அளந்தது சரி, எழுந்திருக்கத்தான் நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு வாரம்.

இந்த முறை வீட்டிலேயே, தொட்டித் தண்ணீரில் பெற்றுக்கொள்வதென்று முடிவு. மருத்துவச்சி போன வாரமே சொல்லிவிட்டார். "மண்டி போட்டா தண்ணி மார்பு வரைக்கும் வரணும். சுவர்ல சாய்ஞ்சா சரியக் கூடாது. அடி மெத்துனு இருக்கணும். மத்தபடி தங்கத்துல வேணும்னு நான் கேக்கல." முப்பத்தேழு வாரம் முடிவதற்குள் தொட்டி வீட்டில் இருக்க வேண்டும். அதாவது ஏப்ரல் 11. இல்லையென்றால் வேறு ஏற்பாடு என்றார். வேறு ஏற்பாடு என்றால் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி.

இவரிடம் சாயங்காலம் பேச்சை எடுத்தேன். லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு எல்லாமே எடைதான். "அறுநூத்தம்பது லிட்டர்னா அறுநூத்தம்பது கிலோ. நீ, தொட்டி எல்லாம் சேர்த்தா பத்து ஆள் லிஃப்ட். பத்து பேர் ஹால்ல வந்து நின்னுட்டு நகரவே மாட்டேங்கிறாங்கன்னு வெச்சுக்கோ."

"நம்ம வாலு அஞ்சாவது பொறந்தநாளுக்கு இருபது பேர் நின்னாங்களே?"

"அவங்க நடமாடிட்டு இருந்தாங்க."

போய் மெய்ப்பு பார்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பிரசவத்துக்கென்றே செய்த தொட்டி புதிதாக வாங்கினால் இரண்டு மாத வீட்டு வாடகை. அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பொம்மைக் கடைக்குப் போனேன். காற்றடைக்கும் நீச்சல் தொட்டி ஒன்று, மீன் படம் போட்டது, காட்சிக்கு விரித்து வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி மண்டி போட்டேன். விளிம்பு என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. சாய்ந்து பார்த்தேன், மொத்தச் சுவரும் மடங்கி நான் கடையின் தரையில் கிடந்தேன்.

விற்பனைப் பெண் ஓடி வந்து தூக்கிவிட்டாள். "பாப்பாவுக்கா மேடம்?"

"ஆமா."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"இன்னும் பொறக்கல."

அவள் என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள். நல்ல பெண்.

மார்ச் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! நகரத்தின் மறு கோடியில் ஒரு பெண் பிரசவத் தொட்டியை வாடகைக்குக் கொடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் புது உள்ளுறை. ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம். நம்மால் முடிகிற தொகைதான்.

படத்தை லிஃப்ட்காரரிடம் காட்டினேன். (கோபம் வந்தால் இந்த நோட்டில் அவர் லிஃப்ட்காரர். மற்ற நாளில் இவர்.) பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுதே."

"அது நிழல்."

"குழாய் சேருமா நம்ம பைப்புக்கு?"

"சேரும். கேட்டுட்டேன்."

"யோசிப்போம்."

யோசிப்போம், யோசிப்போம்! பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை யோசிப்பாரா? பணம்தான் காரணமென்றால் பணம் என்று சொல்லலாமே. இவருக்குத் தொட்டியில் குறை கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது. அன்றைக்கு எடை, நேற்று வெந்நீர், இன்றைக்கு ஒட்டு.

மார்ச் 14, சனி

ஏன் இத்தனை பிடிவாதம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எழுதித்தான் பார்ப்போமே.

வாலு பிறந்தபோது எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. தாளில் அப்படித்தான் இருக்கிறது: சுகப்பிரசவம். ஆனால் அந்த மேசை மேல் நான் ஒரு ஆளாகவே இல்லை. காலைத் தூக்கி வைத்தார்கள், விளக்கைத் திருப்பினார்கள், என் தலைக்கு மேலே யாருக்கு அடுத்த வார விடுமுறை என்று பேசினார்கள். என்னவோ குத்தியது. என்னவோ வெட்டியது. "என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "பேசாம இரும்மா." மறுபடி கேட்டேன். மறுபடி அதே. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். என் உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

தையல் போட்டதையே மறுநாள் எரிச்சலெடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த முறை என் வீடு, என் ஹால். இந்த மருத்துவச்சி கையை வைக்குமுன் "வைக்கட்டுமா?" என்று கேட்கிறார். முதல் நாள் அந்த ஒரு வார்த்தைக்கே அழுதுவிட்டேன். தண்ணீரில் இருந்தால் வலி கொஞ்சம் தணியும் என்றார். அதுவும் வேண்டும். ஆனால் முக்கியமாக அந்தக் கேள்வி வேண்டும். எனக்கு இது ஆடம்பரமில்லை. இது கூட அவருக்கு ஏன் புரியமாட்டேங்குது?

சொன்னேனா அவரிடம்? பாதி சொன்னேன். அன்றைக்கும் எழுந்து லிஃப்ட் வேலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

துணிந்துவிட்டேன். இவர் இன்னும் தன் அக்காவிடம் வீட்டுப் பிரசவம் பற்றி மூச்சுவிடவில்லை. அண்ணிக்குத் தெரிந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்ற பயம். தம்பியைத் தூக்கி வளர்த்தவர், குதிக்க உரிமை உண்டு. ஆனால் எத்தனை நாள் மறைப்பது? இன்று காலை அண்ணி நலம் விசாரித்துச் செய்தி அனுப்பியிருந்தார். நான் பதில் எழுதினேன்: "நல்லா இருக்கேன் அண்ணி. வீட்டுல தொட்டி வெக்கணும், பார்த்துட்டு இருக்கோம். இவருக்குத்தான் எதுவுமே பிடிக்க மாட்டேங்குது."

அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

அரை மணி கழித்து வந்தது: "அவன் கிடக்கான். நல்ல உறுதியானதா, எடை தாங்குறதா இருக்கணும். நீ எதுவும் வாங்காதே. நான் வாங்கி அனுப்பறேன். இது என் செலவு."

மூன்று முறை படித்தேன். எடை தாங்குவது! அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே புத்தி. எவ்வளவு நல்ல மனசு! இத்தனை நாள் அண்ணியை நினைத்துப் பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் இவரிடம் காட்டினேன். முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா சரின்னுட்டாங்களா?"

"ஆமா. தானே வாங்கித் தராங்களாம்."

"அக்காவா?"

"ஆமாங்க."

பால்கனியில் போய் நின்றுகொண்டார். அவர் அக்கா மறுப்பார் என்று காத்திருந்தாரோ? தான் சொல்ல வேண்டியதை அக்கா சொல்லிவிடுவார் என்று? ச்சே, ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது.

மார்ச் 28, சனி

வாடகைத் தொட்டிக்காரம்மா கூப்பிட்டார். வேறொருவர் கேட்கிறாராம், எனக்கு வேண்டுமா வேண்டாமா? வேண்டாம், கிடைத்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அண்ணி அனுப்பிவிட்டாராம். தூக்கம் இல்லை, உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வாலுவின் பள்ளிப்பையை இரண்டு முறை அடுக்கினேன். சோபாவை நகர்த்தச் சொன்னேன், நகர்த்தினார். திரும்பப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னேன், வைத்தார். சண்டை போட்டாலாவது தேவலை.

ஏப்ரல் 8, புதன்

வந்துவிட்டது. தொட்டில்.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நல்ல தேக்கு. நான்கு கால், கம்பி போட்டு உறுதியாக இருக்கிறது. எடை தாங்கும். வாலு தன் கரடியைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அட்டைப்பெட்டிக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். அந்தப் பெட்டிக்குள் அறுநூற்றைம்பது லிட்டர் தொட்டி ஒளிந்திருக்குமா, பைத்தியக்காரி!

அண்ணியைக் கூப்பிட்டேன். "அண்ணி, நான் கேட்டது தொட்டி."

"அதான் அனுப்பினேனே. நல்லா இல்லையா?"

"தொட்டில் இல்ல அண்ணி. தொட்டி. தண்ணித் தொட்டி."

அண்ணி சிரித்தார். "அடிப்பாவி! ஊருக்கெல்லாம் பிழை திருத்துறவ அவசரத்துல ஒரு 'ல்' விட்டுட்டான்னு நெனச்சு, நானே மனசுக்குள்ள போட்டுப் படிச்சேன். தண்ணித் தொட்டி எதுக்கு? மொட்டை மாடில இருக்கே?"

பதினான்கு வருடமாக எழுத்துப் பிழை பார்க்கிறேன். ஒரு எழுத்தும் தப்பாமல் நான் எழுதிய ஒரே செய்தி அது. அதைத் திருத்திப் படித்துவிட்டார்கள்.

சொன்னேன். எல்லாவற்றையும். சிரிப்பு நின்றது. "வீட்டுலயா? தண்ணியிலயா?" அடுத்த மூச்சிலேயே, "அவன்கிட்ட போனைக் குடு."

"வேலையில இருக்கார் அண்ணி."

"சரி. நாளைக்கு வரேன்."

வாடகைத் தொட்டிக்காரம்மாவிடம் கேட்டேன். மே கடைசியில்தான் திரும்பி வருமாம். இன்னும் இரண்டு நாள். இரண்டே நாள். நான் என்ன செய்யப் போறேன்?

ஏப்ரல் 10, வெள்ளி

அண்ணி கையில் பையோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "உனக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? பக்கத்துல டாக்டர் இருக்காரா? ஆபரேஷனுக்கு ஆள் இருக்கா?"

மருத்துவச்சி படித்தவர், ஆஸ்பத்திரி பன்னிரண்டு நிமிடத்தில் இருக்கிறது, அங்கே ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறது, சிறு சந்தேகம் என்றாலும் கூட்டிப்போய்விடுவார் என்றெல்லாம் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அப்புறம் என் பொறுமை போய், மார்ச் 14 அன்று இங்கே எழுதியதையெல்லாம் கத்திச் சொல்லிவிட்டேன். பேசாம இரும்மா, பேசாம இரும்மா! அதையும் சொன்னேன். வாலு பயந்து தொட்டில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு வேறு யாரோ மாதிரி பேசினார்.

"வாலு பொறந்த அன்னிக்கு அவன் எனக்கு நாலு தடவை போன் பண்ணான். நாலு தடவையும் பேசல. மூச்சுதான் கேட்டுச்சு. உன் தோட்டையும் செயினையும் ஒரு கவர்ல போட்டு அவன் கையில குடுத்துட்டு ஒருத்தி உள்ள போயிட்டாளாம். ஒண்ணும் சொல்லலையாம். அவன் என்னன்னு நெனப்பான்? மூணு மணி நேரம் அந்தக் கவரைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில உக்காந்திருக்கான். நீ போயிட்டேன்னே நெனச்சுட்டான்."

எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக எனக்குத் தெரியாது.

அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் நான் என்று எழுதியிருந்தேன். கதவுக்கு வெளியே இன்னொரு ஆள் இருந்திருக்கிறார்.

இவர் வேலை முடிந்து வந்ததும் அண்ணி வாலுவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றேதான். "கவர் கதையை ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கை கழுவிக்கொண்டே நின்றார். கிரீஸ் போன பிறகும் கழுவினார்.

"எல்லாத் தொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"பின்ன ஏன்?"

"வாங்கிட்டா அந்த நாள் வந்துடும்ல."

அழுதுவிட்டார். நானும். ஆனால் தொட்டி இன்னும் இல்லை.

ஏப்ரல் 11, சனி

மருத்துவச்சியிடம் நான்கு நாள் தவணை கேட்டேன். "பிள்ளைகிட்டயும் கேட்டுக்குங்க" என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

அண்ணி இன்னும் ஊருக்குப் போகவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. காலையில் நான் பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கார் இருக்கை உறையும் லாரித் தார்ப்பாயும் தைப்பவர். அவரிடம் கேட்டேன்: தடிமனான தார்ப்பாயில் ஒன்று தைக்க முடியுமா?

"தைச்சா தண்ணி நிக்காது. ஒவ்வொரு ஊசி ஓட்டையிலயும் ஒழுகும். சூடு வெச்சு ஒட்டணும்." டீயை ஆற்றினார். "மீன் குஞ்சு வளர்க்கறவங்க வெச்சிருப்பாங்களே. சுத்திக் குழாய் நிறுத்தி, மடக்குற மாதிரி. நான் தார்ப்பாய் எடுக்கற இடத்துல ஒட்டித் தருவாங்க."

மத்தியானம் இவரே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அண்ணியோடு போனார். திரும்பும்போது தோளில் ஒரு நீலச் சுருள். புத்தம் புதியது, மீன் வாடையே பார்க்காதது. வாடகைத் தொட்டியை விடக் குறைவு. முப்பதாவது வாரத்திலிருந்து நான் தேடாத கடையில்லை, மீன் பண்ணையை நினைக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

மருத்துவச்சி வந்து உடுப்போடு உள்ளே இறங்கி மண்டி போட்டார். ஆழம் சரி. சாய்ந்தார், குழாய்ச் சட்டம் நின்றது. தொட்டிக்கு அடியில் பாய்மெத்தை போடச் சொன்னார். என்ன துணி, என்ன பசை, கழுவ எதைப் போடுவது என்று எல்லாம் கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

அண்ணி விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது கையை அறுக்கும்" என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்து சுற்றிலும் பஞ்சு வைத்து உறை தைத்தார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் சம்மதம் என்று வாயால் சொல்லவே போவதில்லை என்று புரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 18, சனி

ஒத்திகை. எங்கள் வெந்நீர்க் கொதிகலன் சின்னது. நிரம்ப இரண்டே முக்கால் மணி. நான்கு அண்டா அடுப்பில். இவர் தரையில் கோடு கிழித்து, தரை சாய்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, கீழ் வீட்டுக்காரரிடம் போய் அவர் ஹால் கூரையையும் பார்த்துவிட்டு வந்தார். "தாங்குது" என்றார். எதையோ ஒப்புக்கொள்வது போல இருந்தது அந்தக் குரல்.

நான் இறங்கினேன். முப்பத்தேழு டிகிரி. வயிறு கனமே இல்லாமல் மிதந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் முதுகு எனக்கு வலிக்கவில்லை. வாலு என்னைக் கேட்காமல் குதித்துவிட்டாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

இல்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

இல்லை. சமூக அறிவியல் மெய்ப்பில் ஒரே பக்கத்தில் ஐந்து பிழை விட்டிருக்கிறேன் என்று அச்சகத்திலிருந்து போன். விட்டால் விட்டுப் போகட்டும்.

மே 2, சனி

பிரசவத்துக்குக் குறித்த நாள் இன்று. ஒன்றும் இல்லை. வலி வரட்டுமென்று மாடிப்படி ஏறி இறங்கினேன். லிஃப்ட்காரர் மனைவி படியேறுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதா என்று கேட்டார்.

மே 4, திங்கள், காலை

எட்டு நிமிடத்துக்கு ஒன்று. மருத்துவச்சி வந்துகொண்டிருக்கிறார். குழாய் ஓடுகிறது. அண்டா நான்கும் அடுப்பில். இவர் வேலைக்குப் போகவில்லை. கையெழுத்து கோணல் — பரவாயில்லை — மறுபடி வருகிறது —

மே 6, புதன்

இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுத்தமாகக் குரல் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துக்கொண்டு என் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணி, "இப்பதான் காதுக்கு நிம்மதியா இருக்கு" என்கிறார்.

நான் தண்ணீரில் நான்கு மணி நேரம் இருந்தேன். நல்ல நேரம் அது. வலி வந்தது, போனது, விளிம்பில் தலை வைத்துக் கிடந்தேன். பனிக்குடம் உடைந்தபோது தண்ணீர் பச்சையாகிவிட்டது. மருத்துவச்சி துடிப்பு கேட்டார். இன்னொரு முறை கேட்டார். "பாப்பா உள்ளயே வெளிக்குப் போயிருக்கு. துடிப்பும் குறையுது. நாம போகணும்மா. போகலாமா?"

கேட்டார். அப்போதும் கேட்டுவிட்டுத்தான். என் மொத்த உடம்பும் வேண்டாம் என்றது. போகலாம் என்றேன்.

வாலு பிறந்த அதே ஆஸ்பத்திரி. அதே மாதிரி விளக்கு. வாசலில் இவரை நிறுத்தினார்கள். இவர் நிற்கவில்லை. "நான் உள்ள இருப்பேன். தலைமாட்டுலதான் இருப்பேன், எதையும் தொட மாட்டேன். நீங்க செய்யறத எனக்குச் சொல்லுங்க, நான் அவகிட்டச் சொல்றேன்." லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் இவர் வெளியிலிருந்து பேசும் குரல் அது என்று பிறகு அண்ணி சொன்னார். நான் அதுவரை கேட்டதில்லை. டாக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொப்பி கொடுக்கச் சொன்னார்.

அப்புறம் என் காதோரம் நிறுத்தவே இல்லை. "இப்போ லைட்டைத் திருப்புறாங்க. இப்போ டாக்டர் கையுறை மாத்துறாங்க. கண்ணாடி போட்ட சிஸ்டர் ஒரு குழாய் எடுத்து வெக்கிறாங்க, உனக்கில்ல, பாப்பா மூக்குக்கு. இப்போ ஒண்ணும் செய்யல, சும்மா நிக்கிறாங்க. இப்போ டாக்டர் கொஞ்சம் வெட்டணும்ங்கறாங்க. மரத்துப்போக ஊசி போட்டுட்டுதான். வெட்டட்டுமான்னு கேக்கறாங்க."

"சரி" என்றேன். நான் சொன்னேன். என்னைக் கேட்டு, நான் சொன்னேன்.

கண்ணாடி சிஸ்டர், "சார், கொஞ்சம் பேசாம இருங்க" என்றார்.

"முடியாது மேடம்" என்றார் இவர். என்னிடம் குனிந்து, "இப்போ என்னைப் பேசாம இருக்கச் சொல்றாங்க" என்றார். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடுதான் தலை வந்ததாம். அதையும் அவர்தான் சொன்னார், அதற்குள் பாதிக் குரல் போயிருந்தது.

பெண். முதலில் அழவில்லை. இவர் அதையும் மறைக்கவில்லை: "இன்னும் அழல. மூக்கை உறிஞ்சறாங்க. முதுகைத் தேய்க்கறாங்க. தேய்க்கறாங்க. இன்னும் தேய்க்கறாங்க." நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கே கேட்டது.

ஒரு நாள் முழுக்கக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு இன்று காலை என் பக்கத்தில் கொடுத்துவிட்டார்கள். மூச்சு நன்றாக இருக்கிறது. நாளை வீட்டுக்கு.

அவர் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது என் பக்கம் திரும்பி உதட்டை அசைக்கிறார். காற்றுதான் வருகிறது. இப்போ கொட்டாவி விடறா என்கிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லட்டும்.